முருகைக்கல் ஏன் வெளிறுகிறது?

வயலை இழந்து கரையோரத்தில் வாழ நேர்ந்த குடும்பங்களுக்கு, சூளைக்கு முருகைக்கல் அள்ளிக் கொடுத்தால் நாலு காசு கிடைக்குமே என்ற எண்ணம் வருவது இயல்பு. அதிலும் கடலடியில் கல் வெள்ளை வெளேரென்று தெரிந்தால், "அது செத்த கல்தானே" என்று சொல்லிவிடுகிறோம். பல வேளைகளில் அது சாகவில்லை, பசியோடிருக்கிறது.

முருகைக்கல் என்பது பல்லாயிரம் சிற்றுயிர்களின் குடியிருப்பு. ஒவ்வொன்றும் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தனக்கொரு கிண்ணம் கட்டிக்கொள்கிறது. அதன் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி வாழ்கிறது. கௌப்பி, பயறு ஆகியவற்றின் வேர் முடிச்சுகளில் பற்றீரியாக்கள் தங்கிப் பயிருக்கு நைதரசன் கொடுப்பதை நீங்கள் அறிவீர்கள். இதுவும் அப்படியொரு கொடுக்கல் வாங்கல்தான். உயிரி இடம் கொடுக்கிறது. பாசி வெயிலில் உணவு சமைத்து, அதன் தேவையில் பத்தில் ஒன்பது பங்கு வரை கொடுக்கிறது. நிறத்தைக் கொடுப்பதும் பெரும்பாலும் பாசியே.

வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடிய சூடு சில வாரங்கள் நீடித்தாற் போதும், பாசியின் வேலை குழம்பி நச்சுப் பொருட்கள் உண்டாகின்றன. உயிரி பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. கண்ணாடி போன்ற தசையினூடாக வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. இதையே வெளிறல் என்கிறோம். கடல் விரைவில் குளிர்ந்தால் எஞ்சிய பாசி பெருகி, சில மாதங்களில் நிறம் திரும்பும். சூடு நீடித்தால் உயிரி பட்டினியால் இறந்து, கல்லின் மேல் வேறு பாசி படரும். பாறைபோல் உருண்டு வளரும் இனங்கள் பொதுவாகத் தாக்குப்பிடிக்கும். கிளைவிடும் இனங்களே முதலில் மடியும்.

1998இல் இலங்கைக் கடலில் இது பெருமளவில் நடந்தது. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் றீஃப்பில் ஆழங்குறைந்த பகுதி முருகைகள் ஏறக்குறைய முற்றாக மடிந்தன. (கடற்றொழிலாளர் இத்தகைய இடத்தைப் 'பார்' என்றே சொல்வர்.) திருகோணமலைப் பக்கத்துப் புறாத்தீவு அவ்வாண்டு பெரிதும் தப்பியது. பார் றீஃப் சில ஆண்டுகள் வெறுங்கல்லாகக் கிடந்தது. பின்னர் மேசைபோல் விரியும் இனமும் கிளைவிடும் இனமும் மளமளவென்று பரவின. ஹிக்கடுவையிலோ வண்டலும் படகுப் போக்குவரத்தும் மிகுந்ததால் அத்தகைய மீட்சி காணப்படவில்லை.

பார் றீஃப்புக்கு விதை எங்கிருந்து வந்தது? தப்பிய முருகைகள் கடலில் விடும் முட்டையும் விந்தும் சேர்ந்து குஞ்சுகளாகி, நீரோட்டத்தில் நாட்கணக்காக மிதந்து, உறுதியான தளம் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. மணலிலும் சேற்றிலும் அவை நிலைக்கா. செத்த கல்லே அவற்றின் நாற்றுமேடை. அதில் படரும் பாசியைக் களை பிடுங்குவதுபோல் மேய்ந்து இடம் ஒதுக்கிக் கொடுப்பவை கிளிமீனும் ஓராவும். இவற்றைச் சிறுகண் வலையால் வழித்தெடுத்தால் நாற்றுமேடை புதராகிவிடும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் ஒரு பார் பழைய நிலைக்குத் திரும்பப் பத்து ஆண்டுகளாவது வேண்டும். தேறிக்கொண்டிருந்த பார் றீஃப்பை 2016இல் சூடு மீண்டும் தாக்கியது. அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாரில் 2016, 2017, 2020, 2022, 2024 என வெளிறல் அடுக்கடுக்காக வந்தது. கடலின் சூட்டை நாம் தனியே தணிக்க இயலாது. கல்லை அள்ளாமல் விடுவது எம்மால் முடியும். கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதைச் சட்டமும் தடை செய்கிறது. பார் உடைந்த கரையில் அலை நேரே வந்து மோதி மண்ணை அரிக்கும். உவர்நீர் வயலுக்கும் கிணற்றுக்கும் ஏறுவதற்கு வழி திறக்கும்.