கொழும்பு நகரின் வெள்ள ஆபத்தை மதிப்பிடுதல்

“கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகிய இரு பிரதேசங்களின் வெள்ள ஆபத்தை ஒப்பிடுக.” இவ்வாறான வினாவுக்குப் பல மாணவர்கள் “மழை அதிகம் பெய்வதால் வெள்ளம் ஏற்படுகிறது” என ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகின்றனர். ஒரு சில கிலோமீற்றர் இடைவெளியில் உள்ள இவ்விரு இடங்களுக்கும் மழை ஏறக்குறைய ஒன்றே. ஆபத்து மட்டும் ஒன்றல்ல. ஏன்?

முதலில் மூன்று சொற்களை விளங்கிக்கொள்ளுங்கள். வெள்ளம், புயல், சுனாமி போன்ற நிகழ்வு இடர் எனப்படும். அதன் பாதையில் உள்ள மக்களும் வீடுகளும் எவ்வளவு எளிதில் சேதமுறும் என்பது பாதிப்புறும் தன்மை. எச்சரிக்கை, வடிகால், சேமிப்பு, உறவினர் உதவி என்பன தாங்கும் ஆற்றல். முதலிரண்டும் கூடினால் ஆபத்து கூடும், மூன்றாவது கூடினால் குறையும். ஆளில்லாத சதுப்பு நிலத்தில் நீர் நிரம்புவது அனர்த்தம் ஆகாது.

கொட்டாஞ்சேனைக்கு வடக்கே களனி கங்கை ஓடுகிறது. அதன் நீர்மட்டம் கிராண்ட்பாஸை அடுத்த நாகலகம் வீதியில் அடிக்கணக்கில் அளக்கப்படுகிறது. 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். 1947 இல் 12 அடியையும் 1989 இல் 9 அடியையும் 2016 மே மாதத்தில் 7 அடியையும் நீர் தாண்டியது. கவனியுங்கள், 2016 இல் நீர்மட்டம் முன்னையவற்றிலும் குறைவு. ஆயினும் கொலன்னாவையில் மக்களைப் படகுகளில் மீட்க வேண்டியிருந்தது. நீரைத் தேக்கி வைத்த சதுப்பு நிலங்கள் நிரப்பப்பட்டு, தாழ்நிலங்களில் குடியிருப்புகள் பெருகியமை இதற்கு முக்கிய காரணம். இடர் சிறுத்தும் பாதிப்புறும் தன்மை பெருத்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2025 நவம்பரில் ‘டிட்வா’ புயலின்போதும் கங்கை பெருக்கெடுத்து இதே தாழ்நிலங்களை மூழ்கடித்தது.

நகரைக் காக்க வெள்ளத் தடுப்பு அணை உண்டு. ஆனால் அணைக்கும் ஆற்றுக்கும் இடையில் வசிப்போருக்கு அதனால் பயனில்லை. 2016 இல் என் வகுப்பு மாணவி ஒருத்தி இரு வாரங்கள் வரவில்லை. வந்தபோது கையில் ஒரு கொப்பியும் இருக்கவில்லை. அவளுடைய வீடு அந்தப் பக்கந்தான்.

வெள்ளவத்தையின் கதை வேறு. இங்கு ஆறு இல்லை, கடலில் கலக்கும் கால்வாய் இருக்கிறது. 2010 நவம்பரில் ஓரிரவில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியபோது கொழும்பின் கால்வாய்கள் தாங்கவில்லை. பாராளுமன்ற வளாகமே நீரில் மூழ்கியது. மாடிக் குடியிருப்புகளில் மேல் தளத்தார் நனையமாட்டார்கள். ஆனால் கீழ்த்தளத்தில் மின்பிறப்பாக்கியும் நீர்ப்பம்பியும் இருந்தால் மின்சாரமும் தண்ணீரும் இன்றி அவர்களும் தவிப்பர். கடலோரமாதலால் 2004 சுனாமியைப் போன்ற இடரையும் இங்கு சேர்த்து மதிப்பிட வேண்டும்.

இன்னொரு வேறுபாட்டைப் பலர் எழுதுவதில்லை. களனி கங்கை ஹங்வெல்லையில் உயர்ந்து, பல மணித்தியாலங்கள் கழித்தே நாகலகம் வீதியில் உயரும். நீர்ப்பாசனத் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் எச்சரிக்க அந்த நேரம் உதவுகிறது. கால்வாய் நிரம்பும் திடீர் வெள்ளத்துக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

வரைபடம் கேட்கப்பட்டால் களனி கங்கையுடன் வெள்ளவத்தைக் கால்வாயையும் குறியுங்கள். அதைத்தான் அநேகர் விட்டுவிடுகின்றனர்.