பெயர் எழுதிய பழங்காசுகள்



நேர்த்திக்கடன் என்றால் நம் வீட்டுப் பெண்கள் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்தின் முன் வைப்பார்கள். அதன் பிறகு அந்தக் காசைக் கடையில் கொடுத்துப் பொருள் வாங்க யாருக்கும் மனம் வராது. அது பணம் என்ற நிலை மாறி, வாக்கு என்ற நிலையை அடைந்துவிடுகிறது. இவ்வாறு புழக்கத்திலிருந்து விலக்கி, ஒரு மனிதரின் நினைவுக்காகவே வைக்கப்பட்ட காசுகள் மற்ற நாடுகளிலும் உண்டு. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் பழங்காசு சேகரிப்பில் ஈடுபட்டுள்ள அடியேன், அவற்றுள் ஒரு வகையைப் பற்றி இம்மலரில் கூற விரும்புகிறேன்.

காசின் ஒரு பக்கத்தையோ இரு பக்கங்களையுமோ வழவழப்பாகத் தேய்த்து, அரசரின் தலையை அழித்து, அவ்விடத்தில் ஒருவரின் பெயரையும் தேதியையும் பொறித்துக் கொடுப்பது 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் பரவியிருந்த வழக்கம். பின்னர் அமெரிக்காவிலும் வெள்ளிக் காசுகளில் பெயரெழுத்துகளைப் பொறித்து அணிகலனாக அணிந்தனர். சேகரிப்பாளர்கள் இவற்றை ‘லவ் டோக்கன்’ என்பர். நாம் நினைவுக் காசு எனலாம்.

தாய் விட்டுச்சென்ற காசு

தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர், லண்டன் தெருக்களில் குழந்தைகள் கைவிடப்படுவதைக் கண்டு மனம் வருந்தி, 17 ஆண்டுகள் செல்வந்தர்களிடம் அலைந்து ஆதரவு திரட்டினார். 1739இல் அரச சாசனம் கிடைத்தது. 1741ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் ‘ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல்’ முதல் குழந்தைகளை ஏற்றது. பெயரில் ஹாஸ்பிட்டல் என்றிருந்தாலும் அது மருத்துவமனையன்று, குழந்தைகள் காப்பகம். ஓவியர் ஹோகார்த்தும் இசைமேதை ஹாண்டலும் அதன் புரவலர்களாக விளங்கினர்.

அங்கே தாயின் பெயரைப் பதிவதில்லை. குழந்தைக்கும் புதுப்பெயர் சூட்டப்படும். ஆகவே, என்றேனும் வசதி வந்து குழந்தையைத் திரும்பப் பெற வேண்டுமானால் அடையாளம் ஒன்று தேவை. தாய்மார்கள் துணித்துண்டு, ரிப்பன், மோதிரம் போன்றவற்றை விட்டுச்சென்றனர். சிலர் காசைத் தேய்த்துக் குழந்தையின் பெயரைப் பொறித்துக் கொடுத்தனர். அது பதிவுத்தாளுடன் மடித்து முத்திரையிடப்பட்டது. குழந்தையின் கையில் அது கொடுக்கப்படவில்லை.

1741 முதல் 1760 வரை சேர்க்கப்பட்ட குழந்தைகள் 16,282. திரும்பப் பெறப்பட்டவர்கள் 152 பேர் மட்டுமே. சேர்க்கப்பட்டவர்களில் மிகப் பலர் சிறுவயதிலேயே இறந்துபோயினர்.

கைதி கொடுத்த காசு

1788 முதல் 1868 வரை பிரிட்டன் ஏறத்தாழ 1,60,000 கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தியது. தண்டனை ஏழாண்டோ, பதினான்காண்டோ, ஆயுளோ, எதுவாயினும் திரும்பி வந்தவர்கள் குறைவு. கப்பலேறுமுன் தாய்க்கும் மனைவிக்கும் கொடுக்க அவர்களிடம் இருந்தது ஒரு செப்புக்காசு. 1797இல் வெளியான ‘கார்ட்வீல்’ பென்னி அதற்கு ஏற்றதாக இருந்தது. ஓர் அவுன்ஸ் செம்பு, 36 மில்லிமீட்டர் அகலம். எழுத இடமுண்டு, செம்பு மென்மையானது. எழுத்துளியால் செதுக்கியும், கூர்முனையால் புள்ளி புள்ளியாகக் குத்தியும் எழுதினர். பெயர், தண்டனைக் காலம், இதய வடிவம், சங்கிலியிட்ட மனிதன், மறவாதிருக்க வேண்டுகோள் ஆகியவற்றை அவற்றில் காணலாம். கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசிய அரும்பொருளகத்தில் இத்தகைய காசுகள் 300க்கும் மேல் உள்ளன.

சிங்கைக்கும் 1825 முதல் சென்னை, வங்கம் முதலிய பகுதிகளின் கைதிகள் கொண்டுவரப்பட்டனர் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானாவும் அவர்களின் உழைப்பில் எழுந்தவை. அவர்களுக்கும் ஊரில் தாய்மார்கள் இருந்தனர்.

சேகரிப்போர் கவனத்திற்கு

பழைய காசில் புதிதாக எழுதி விற்போர் உண்டு. ஆகவே உருப்பெருக்கிக் கண்ணாடியால் எழுத்தின் பள்ளத்தைப் பாருங்கள். காசின் மேற்பரப்பு கறுத்திருக்க, பள்ளம் மட்டும் பளபளத்தால் ஐயுறவேண்டும். பல கைகள் தொட்ட காசில் எழுத்தின் விளிம்பும் தேய்ந்திருக்கும். புளியிட்டுத் தேய்ப்பதும் பாலிஷ் போடுவதும் கூடவே கூடாது. பழமையின் அடையாளம் அழிந்துவிடும். யாரிடம், எந்த ஆண்டில் வாங்கினோம் என்பதைத் தாளில் எழுதி உடன் வையுங்கள்.

இக்கடைசி அறிவுரையே முக்கியமானது. 1860களில் அந்தக் காப்பகத்தார் பார்வையாளருக்குக் காட்டுவதற்காகக் காசுகளை உறைகளிலிருந்து வெளியே எடுத்தனர். அவர்கள் எண்ணம் நல்லதே. ஆனால் எந்தக் காசு எந்தக் குழந்தைக்குரியது என்ற தொடர்பு அறுந்துபோயிற்று. பழைய பதிவேடுகளில் எழுத்தர் எழுதிவைத்த வருணனைகளைக் கொண்டு, ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில்தான் சிலவற்றை மீண்டும் இணைத்துள்ளனர்.

நம் ஆலயங்களிலும் இதே நிலை உண்டு. குத்துவிளக்கும் வெள்ளிக் கவசமும் காசுமாலையும் காணிக்கையாக வருகின்றன. கொடுத்தவர் பெயரும், எதற்காகக் கொடுத்தார் என்பதும் ஏட்டில் ஏறாவிட்டால், ஐம்பது ஆண்டுகளில் அவை வெறும் எடைக்கணக்காகிவிடும். எனவே நன்கொடை தரும் அன்பர்கள் இரண்டு வரியாவது எழுதிக் கொடுங்கள். வீட்டில் பாட்டி வைத்துச்சென்ற காசு இருந்தால், அது யாருடையது என்பதைப் பெரியவர்களிடம் இன்றே கேட்டுக் குறித்து வையுங்கள். அறம் செய்தவர் பெயரைக் காப்பதும் அறமே.