குடோனுக்குப் பெட்டி அனுப்பறதுக்கு முன்னாடி ஜிஎஸ்டியைப் பாருங்க

வேலை பார்த்துக்கிட்டே அமேசான்ல திருப்பூர் டி-ஷர்ட் விக்கப் போறீங்களா? பார்கோடு ஒட்டி, பெட்டி கட்டுறது ஒரு சனிக்கிழமை வேலைதான். சிக்கல் பேப்பர்ல இருக்கு.

குடோன் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருந்தா, அந்த முகவரியை உங்க ஜிஎஸ்டி பதிவுல கூடுதல் வணிக இடமா முதல்ல சேர்த்துடுங்க. அப்புறம் டெலிவரி சலான் போதும், வரி கிடையாது.

பெங்களூரு குடோன்னா கதையே வேற. கர்நாடகாவுல தனிப் பதிவு வேணும். சட்டத்தோட கண்ணுல அது வேற ஆள். அதனால ஒரு பீஸ்கூட விக்கறதுக்கு முன்னாடியே, 40,000 ரூபாய் சரக்குக்கு 5% ஐஜிஎஸ்டி, அதாவது 2,000 ரூபாய்க்கு இன்வாய்ஸ் போடணும். வாங்கினப்போ கிடைச்ச கிரெடிட் பத்தலைன்னா மீதி உங்க சம்பளத்துல இருந்துதான்! கர்நாடகப் பதிவுல அது கிரெடிட்டா வரும், ஆனா அங்க வித்தாத்தான் கழிக்க முடியும். வெளிமாநிலத்துக்குப் போற சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினா இ-வே பில்லும் எடுக்கணும்.

என்னைக் கேட்டா, முதல் ஆறு மாசம் தமிழ்நாட்டு குடோன் மட்டும் போதும்.