சிவப்பு ரிப்பனை தந்தது கலைஞர்கள்! அந்த கலைஞருக்கே நோய் வந்தால்...?

கோவை, டிச. 1-

இன்று உலக எய்ட்ஸ் தினம். இந்த நாளில் மாணவ-மாணவிகள் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்பு ரிப்பனை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை கண்டுபிடித்தது யார் தெரியுமா? டாக்டர் அல்ல. சர்க்கார் அதிகாரியும் அல்ல. கலைஞர்கள்!

ஆம். 1991-ம் ஆண்டு அமெரிக்காவில் நியூயார்க் நகரில் சுமார் ஒரு டஜன் கலைஞர்கள் ஒன்றுகூடி யோசித்து, ரிப்பனை வெட்டி, மடித்து, ஊக்கு குத்தி கொடுத்தார்கள். இன்று அதுதான் உலகம் முழுவதும் எய்ட்ஸ் விழிப்புணர்வு சின்னம்.

நோயைப்பற்றி ஊருக்கு சொல்ல பாட்டு வேண்டும், கூத்து வேண்டும், படம் வேண்டும். சரி. பாடியவருக்கே, ஆடியவருக்கே அந்த நோய் வந்துவிட்டால்? அவருக்கு யார் துணை? இன்றைக்கு கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

உரிமை வேண்டாம்!

அந்த கலைஞர்கள் 'விஷுவல் எய்ட்ஸ்' என்ற அமைப்பை சேர்ந்தவர்கள். 1988-ல் தொடங்கிய அமைப்பு அது. வளைகுடா போருக்கு போன ராணுவ வீரர்களுக்காக அமெரிக்க மக்கள் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்த நேரம். "போருக்கு போனவனை நினைக்கிற ஊர், நோயில் சாகிறவனையும் நினைக்கட்டுமே" என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் சிவப்பு ரிப்பன்.

இது என் கண்டுபிடிப்பு என்று அவர்களில் யாரும் பேர் போட்டுக்கொள்ளவில்லை. காப்புரிமையும் வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், குத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் அது நம்ம ஊர் கல்லூரி வரைக்கும் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டு கல்லூரிகளில் இயங்கும் 'ரெட் ரிப்பன் கிளப்' பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

குப்பைக்கு போன படங்கள்

அதே அமைப்பு 1994-ல் இன்னொரு வேலையையும் ஆரம்பித்தது. அப்போது எய்ட்சுக்கு சரியான மருந்து கிடையாது. ஓவியர்கள் ஒருவர் பின் ஒருவராக செத்துக்கொண்டு இருந்தார்கள். ஆள் போன பிறகு அவர் வரைந்த படங்களை பாதுகாக்க நாதி இல்லை. பல குப்பையோடு குப்பையாக போயின.

இதைப்பார்த்த கலைஞர்கள், நோய் கண்டவர்களின் படைப்புகளை போட்டோ எடுத்து சேர்த்து வைத்தார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு வண்ணம், துணி வாங்க பண உதவியும் செய்தார்கள். 'நோயாளி' என்று ஒதுக்காமல் 'கலைஞர்' என்றே நடத்தினார்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு துணியைப்பற்றி சொல்லவே வேண்டாம். அந்த துணியிலும் ஒரு கலை நடந்தது. எய்ட்சில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் 6 அடி நீளம், 3 அடி அகலத்தில் ஒரு துணி. கிட்டத்தட்ட ஒரு சவக்குழியின் அளவு. அதில் அவர் பேரை அம்மாவோ நண்பரோ தைத்தார்கள். 1987 அக்டோபர் 11-ந் தேதி வாஷிங்டன் நகர மைதானத்தில் அப்படிப்பட்ட 1,920 துணிகளை விரித்து வைத்தார்கள். பேர் சொல்லவே கூசிய சாவுகளுக்கு ஊரறிய பேர் கிடைத்தது.

வேலூரில் தெரிந்தது

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1986-ம் ஆண்டு சென்னை மருத்துவக்கல்லூரி மாணவி டாக்டர் நிர்மலா, பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் யோசனைப்படி, பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தை சேகரித்தார். பரிசோதனை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் நடந்தது. 6 பேருக்கு கிருமி இருந்தது!

அதன் பிறகு சுவரெல்லாம் பயம்தான். மண்டை ஓடு, எலும்புக்கூடு என்று விளம்பரம். 2000-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊர் ஊராக போர்டு வைத்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

ராத்திரி பகலாக லாரி ஓடும் நாமக்கல் பக்கம் நோய் அதிகம் தாக்கியது. டிரைவர் வீட்டுக்கு வந்தார். நோயும் கூடவே வந்தது. வீட்டைவிட்டு எங்கும் போகாத மனைவிக்கும் வந்தது.

கரகமும் கும்மியும்

பயம் காட்டினால் ஜனங்கள் ஒளிந்துகொள்வார்கள் என்பது போகப்போகத்தான் புரிந்தது. கிராமிய கலைஞர்களை கூப்பிட்டார்கள். கரகாட்டம், ஒயிலாட்டம், கும்மி, பொம்மலாட்டம், வீதி நாடகம் என்று பஸ் ஸ்டாண்டிலும் சந்தையிலும் நடத்தினார்கள்.

இது வீண் செலவு அல்ல. சென்னையில் 1993-ல் தொடங்கிய 'நலம்தானா' அமைப்பின் எய்ட்ஸ் நாடகம் பற்றி 1999-ல் ஓர் ஆய்வு வெளியானது. நாடகம் பார்க்கும் முன்பு சிலரிடமும், பார்த்த பின்பு சிலரிடமும் கேள்வி கேட்டார்கள். படிப்பு குறைந்தவர்கள்தான் அதிகம் தெரிந்துகொண்டார்கள் என்று தெரியவந்தது!

கொங்கு நாட்டுக்கு இது புதிதல்ல. ஊர் நல்லது கெட்டதை பாட்டில் சொல்லும் வழக்கம் இங்கே உண்டு. வள்ளி ஒயில் கும்மிக்காக கோவை மாவட்டத்தை சேர்ந்த பத்திரப்பன் 2024-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆண்கள் மட்டும் ஆடிவந்த அந்த கும்மியில் பெண்களையும் ஆட வைத்தவர் அவர்.

அட்வான்ஸ் கைமாறும்

ஆனால் கலைஞர் பாடு எப்படி? மாரியம்மன் நோம்பி சாட்டினால்தான் கரகாட்ட செட்டுக்கு வேலை. எழுத்து கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சு. சில மாத நோம்பியில் சம்பாதித்ததை வைத்துத்தான் வருஷம் முழுக்க அடுப்பு எரியவேண்டும்.

"ஏனுங்க, அந்த செட்டுல ஆடுற புள்ளைக்கு அந்த நோயாமா?" என்று டீக்கடையில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும். "நமக்கெதுக்குங்க வம்பு, வேற செட்டு பாத்துக்கலாம்" என்பார்கள். அட்வான்ஸ் கைமாறிவிடும். உண்மையா பொய்யா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

எனவே கிருமி இருப்பவர் வெளியே சொல்லமாட்டார். மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு போனால் தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று தள்ளிப்போடுவார். தள்ளிப்போட்டால் உடம்பு கெடும். உடம்பு கெட்டால் ஆட்டமும் போச்சு. கூலி கொடுத்து எய்ட்ஸ் பாட்டு பாடச்சொன்ன ஊரே, அந்த பாட்டில் உள்ளதை கேட்காமல் போனால் எப்படி?

வாய் திறந்த நாமக்கல் பெண்

வாய் திறந்தவர்களும் இருக்கிறார்கள். நாமக்கல்லை சேர்ந்த கவுசல்யாவுக்கு லாரி டிரைவரான கணவர் மூலம் கிருமி வந்தது. அவர் மூலையில் உட்காரவில்லை. 1998-ல் தன்னைப்போன்ற பெண்கள் சிலருடன் சேர்ந்து, கிருமி உள்ள பெண்களுக்கென்றே ஒரு கூட்டமைப்பை தொடங்கினார். பேரையும் முகத்தையும் மறைக்காமல் பேசினார்.

பொள்ளாச்சியை சேர்ந்த திருநங்கை கல்கி சுப்பிரமணியம் தொடங்கிய 'சகோதரி' அமைப்பு, திருநங்கைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தது. அது எய்ட்ஸ் நோயாளிகளுக்கான அமைப்பு அல்ல. ஆனாலும் ஊர் ஒதுக்கியவர் கையில் தூரிகை கொடுத்தால், அந்த படம் விலைக்கு போகும், அவருக்கும் மரியாதை வரும் என்பதை நம்ம பக்கத்திலேயே காட்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ல் வந்த எச்.ஐ.வி.-எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10-ந் தேதி அமலுக்கு வந்தது. கிருமி இருக்கிறது என்பதற்காக வேலை மறுக்கக்கூடாது. அவர் சம்மதம் இல்லாமல் விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது. பகையை தூண்டும்படி பிரசாரம் செய்தால் தண்டனை உண்டு.

மருந்தும் இப்போது இருக்கிறது. 2004 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாக தொடங்கியது. கோவை அரசு ஆஸ்பத்திரியிலும் இந்த சிகிச்சை மையம் உண்டு. தினமும் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு குறையும். அந்த நிலையில் இருப்பவரிடம் இருந்து உடலுறவு மூலம் அடுத்தவருக்கு பரவாது.

கூட ஆடினால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. கரகத்தை தொட்டால் வராது. கொசு கடித்தாலும் வராது.

செய்யவேண்டியது

நோம்பி கமிட்டிக்காரர்கள் ஆட்டத்தை பார்த்து செட்டை பேசட்டும். ஆடுபவரின் ரத்தத்தைப்பற்றி டீக்கடையில் விசாரிக்கவேண்டாம்.

கலைஞர்கள் 2007-ல் தொடங்கிய நாட்டுப்புற கலைஞர்கள் நலவாரியத்தில் பேர் பதிந்து கொள்ளலாம். கல்லூரி மாணவர்கள் ரிப்பன் குத்தியதோடு நிற்காமல், நலிந்து கிடக்கும் கலைஞர் வீட்டுக்கு போய், அவர் சம்மதத்தோடு அவர் பாட்டை செல்போனில் பதிவு செய்யலாம். நியூயார்க்கில் படங்களை காப்பாற்றியதுபோல நாம் பாட்டை காப்பாற்றலாம்.

சந்தேகம் இருப்பவர்கள் 1097 என்ற இலவச நம்பருக்கு போன் செய்யலாம். பேர் சொல்லவேண்டியது இல்லை.