உங்களுக்குத் தெரியுமா? ஊருக்குப் பேர் தந்த சீனர்

கொல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் அச்சிப்பூர், ஒரு சீனரின் பெயரைச் சுமக்கும் ஊர். ஆனால் அது அவருடைய முழுப் பெயர் அல்ல!

• கிழக்கிந்தியக் கம்பெனி ஏடுகளில் அவர் ‘அச்சூ’. சீனர்களுக்கோ அவர் யாங் தாசாவ். தென்சீனத்தில் பெயரின் கடைசி அசைக்கு முன்னால் ‘ஆ’ சேர்த்து உரிமையோடு கூப்பிடுவார்கள். அந்த அழைப்பே ஏட்டிலும் ஏறிவிட்டது.

• கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் நிலம் பெற்றுக் கரும்பு பயிரிட்டு, சர்க்கரை ஆலை நடத்தியவர். 1783-க்குள் காலமானார். குதிரை லாட வடிவில், சிவப்புச் சாயம் பூசிய அவருடைய சமாதிக்குச் சீனப் புத்தாண்டையொட்டி கொல்கத்தா சீனர்கள் இன்றும் போகிறார்கள்.

• அச்சூவைப் போல இங்கே குடியேறிய சீனப் பாட்டனாரின் பெயரைத் தேடுகிறீர்களா? முதலில் அந்த ‘ஆ’வைக் கழியுங்கள். குடும்பப் பெயர் முன்னால் வரும். டான், சான், சென் மூன்றும் ஒரே எழுத்தாக இருக்கலாம்; ஹொக்கியன், கான்டனீஸ், மாண்டரின் உச்சரிப்புதான் வேறு. ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள், கல்லறைக்குப் போங்கள். பழைய சீனக் கல்லறைக் கல்லில் பெயரோடு பூர்வீக ஊரும் சீன எழுத்தில் செதுக்கியிருக்கும்.

• நமக்குப் பக்கத்திலேயும் சீனர்கள் குடியேறிய கதை உண்டு. நீலகிரியில் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காபியும் பயிரிட்ட சீனர்களைப் பற்றி இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார்.