புதுப் பொருளும் பழைய பட்டறையும் – 9: ஒடிவது குழாய் அல்ல, மூட்டு

ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் மரவள்ளி ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டால், உள்ளே புகுந்து மருந்தடிப்பது பெரும்பாடு. 2020-ல் கேரளத்தில் தலைகாட்டிய மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்துசேர்ந்த பிறகு, டிரோனை யாரும் வேடிக்கைப் பொருளாகப் பார்ப்பதில்லை. 10 லிட்டர் மருந்தோடு கிளம்பும் எந்திரம் சுமார் 25 கிலோ. அதைத் தூக்கிச் சுமப்பவை பெரும்பாலும் கார்பன் ஃபைபர் குழாய்க் கைகள்.

மண்வெட்டிக் காம்பு பூணை ஒட்டித்தானே ஒடியும்? டிரோன் கையும் அப்படித்தான். ஆறு கை டிரோன் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஒவ்வொரு கையின் நுனியிலும் மோட்டார் மேலே இழுப்பது 4 கிலோவுக்குச் சற்று அதிகம். கை 60 செ.மீ.; அலுமினியப் பிடி அதைக் கவ்வியிருப்பது 6 செ.மீ. என்றால், பிடியின் இரு ஓரங்களிலும் குழாயை அமுக்கும் விசை 40 கிலோவைத் தாண்டும். பிடியை 3 செ.மீ. ஆக்கினால் 80. காற்று உலுக்கினால் இன்னும் எகிறும்.

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக், நாமக்கல்லில் லாரி பாடி. இரும்போடு வளர்ந்த ஊர்கள். ஆட்டம் கண்டால் துளை போட்டு போல்ட்டை முடுக்குவது இங்கே கைப்பழக்கம். இரும்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். பளு கூடிய இடத்தில் கொஞ்சம் நெளிந்து பக்கத்துக்குத் தள்ளிவிடும். கார்பன் நெளியாது. துளை போடும்போதே பளுவைச் சுமக்கும் இழைகள் அறுந்துவிடுகின்றன. கிளாம்பை மிஞ்சி இறுக்கினால் மெல்லிய சுவர் உள்ளே அடுக்கடுக்காகப் பிரியும், வெளியே கீறல்கூடத் தெரியாது. அதனால்தான் கவ்வும் இடத்தில் குழாய்க்குள் ஓர் அலுமினியக் கட்டையைச் செருகி எபாக்சியால் ஒட்டுகிறார்கள்.

பசையும் பளுவைச் சமமாகச் சுமப்பதில்லை. ஒட்டின் இரு விளிம்புகளே பெரும்பங்கை வாங்குகின்றன. 1938-ல் ஃபோல்கர்சன் என்பவர் ரிவெட் மூட்டுகளுக்குப் போட்ட கணக்கு பசைக்கும் பொருந்திப்போனது. ஒட்டும் கட்டையின் விளிம்பைச் சீவி மெலிதாக்குவது இதற்காகத்தான்.

நம் ஊரில் இன்னொரு வில்லன் வெயில். 40 டிகிரியில் கருங்குழாய் காற்றைவிடச் சூடாகிக் கிடக்கும். அலுமினியம் ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும். கார்பன் இழையின் போக்கில் அநேகமாக விரிவதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் சிக்கித் தவிப்பது பசை. போதாக்குறைக்கு, சூடேற்றாமல் இறுகும் சாதாரண எபாக்சிகள் பல 50–60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும்.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் மறக்கக்கூடாது. மருந்துக் கரைசல் மூட்டுக்குள் கசிந்தால் கார்பனும் அலுமினியமும் சேர்ந்து பேட்டரியாகிவிடும்; அரிபடுவது அலுமினியம். 1986 டூர் டி ஃபிரான்ஸை கிரெக் லெமாண்ட் வென்ற சைக்கிளும் அலுமினிய மூட்டில் கார்பன் குழாய் ஒட்டியதுதான். அந்தத் தலைமுறைச் சைக்கிள்களில் பின்னாளில் மூட்டு விட்டுப்போனதில் இந்த அரிப்புக்குப் பங்குண்டு. இடையில் ஒரு சுற்றுக் கண்ணாடி இழை கொடுத்தால் இதைத் தடுக்கலாம்.

டிரோன் வைத்திருப்பவர்கள் பிடியின் வாயை அடிக்கடி பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா? காசால் தட்டினால் 'டிங்' என்பதற்குப் பதில் 'தொப்' என்கிறதா? பறக்கவிடாதீர்கள், கையை முழுசாக மாற்றுங்கள். புதுப் பசை ஊற்றித் தருகிறேன் என்பவரிடம், உள்ளே படிந்த அரிப்பையும் எண்ணெயையும் எப்படிச் சுரண்டி எடுப்பீர்கள் என்று கேளுங்கள். அதைச் செய்யாமல் ஊற்றினால் பசை அழுக்கைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

(தொடரும்)