முகப்பருவுக்கு வீட்டு வைத்தியம்: பாதி முகத்தில் ஒரு சோதனை

"கஸ்தூரி மஞ்சள் போட்டேன், ஒரே வாரத்துல பரு போயிடுச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. மஞ்சள் போட்டது உண்மை. பரு போனதும் உண்மை. மஞ்சளால்தான் போச்சா என்பது மட்டும் தெரியாது.

அரைத்த வேப்பிலை, பாலில் உரைத்த ஜாதிக்காய், சந்தனம், தேன், எலுமிச்சைச் சாறு, கடைசியில் பற்பசை வரைக்கும் நம்ம வீடுகளில் பருவுக்கு வைத்தியம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சாட்சி சொல்ல ஒரு அத்தையோ சித்தியோ இருப்பார். இதில் எது வேலை செய்கிறது என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? ஓரளவு முடியும். நான் மருத்துவர் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். அதனால் இந்தக் குறிப்பு பெரும்பாலும் சோதிக்கும் முறையைப் பற்றியது.

பரு தானாகவும் போகும்

தோலில் ஒவ்வொரு முடித்துளையோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போது எண்ணெயும் கூடுகிறது. உதிர வேண்டிய தோல் செல்கள் எண்ணெயோடு சேர்ந்து துளையை அடைக்கின்றன. உள்ளே கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது, சுற்றிலும் அழற்சி வருகிறது. நாம் கண்ணாடியில் பார்க்கும் சிவப்புப் புள்ளி இதன் கடைசிக் கட்டம். கண்ணுக்குத் தெரியாத அடைப்பு அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, வெளியே வந்துவிட்ட சாதாரணப் பரு ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். இரண்டு, நாம் மருந்தைத் தேடுவது பரு மோசமாக இருக்கும் நாளில்தான். ஏறி இறங்கும் எந்த விஷயத்தையும் உச்சத்தில் பிடித்தால், அடுத்து அது இறங்கத்தான் வாய்ப்பு அதிகம். புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். அந்த நேரத்தில் மஞ்சள் போட்டாலும் மஞ்சளுக்குப் பெயர், பல்லி மிட்டாய் சாப்பிட்டாலும் பல்லி மிட்டாய்க்குப் பெயர்.

அதனால் "முன்பு, பின்பு" படங்கள் எதையும் நிரூபிப்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி: போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன

வீட்டு வைத்தியம் மாதிரியான பொருள்களில் கொஞ்சம் நன்றாகச் சோதிக்கப்பட்டது டீ ட்ரீ எண்ணெய். 1990-இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம், 5 சதவீத டீ ட்ரீ எண்ணெயையும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். பென்சாயில் பெராக்சைடு நம்ம மெடிக்கல் ஷாப்களிலும் கிடைக்கும் சாதாரணப் பரு மருந்து. இரண்டு குழுவிலும் பரு குறைந்தது. எண்ணெய் மெதுவாக வேலை செய்தது, ஆனால் எரிச்சல் குறைவு.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. எதுவும் போடாத, அல்லது வெறும் ஜெல் மட்டும் போட்ட குழு கிடையாது. இரண்டிலும் குறைந்ததில் எவ்வளவு தானாகக் குறைந்தது? 2007-இல் இரானில் 60 பேரிடம் நடந்த சோதனை அந்த ஓட்டையை அடைத்தது. ஒரு குழுவுக்கு 5 சதவீத எண்ணெய் கலந்த ஜெல், இன்னொரு குழுவுக்கு எண்ணெய் இல்லாத அதே ஜெல், 45 நாள். எண்ணெய் கலந்தது தெளிவாக முந்தியது.

தேனின் கதை வேறு. 2016-இல் நியூசிலாந்தில் 136 பேரை வைத்து, கானுகா தேனில் கொஞ்சம் கிளிசரின் கலந்து 12 வாரம் சோதித்தார்கள். இரு குழுவுக்கும் கிருமிநாசினி சோப்பு உண்டு, ஒரு குழுவுக்கு மட்டும் கூடவே தேன். சோப்பு மட்டும் போட்டதைவிடத் தேன் மேல் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் ஆய்வுக்கூடத்தில் தேன் பாக்டீரியாவைக் கொல்லும். கண்ணாடித் தட்டில் நடப்பது கன்னத்திலும் நடக்கும் என்று நம்ப முடியாது.

பாதி முகச் சோதனை

நமக்கு 124 பேர் கிடைக்க மாட்டார்கள். ஆனால் ஒரே முகத்தில் இரண்டு கன்னம் இருக்கிறது. ஹார்மோன், சாப்பாடு, தூக்கம், மாதவிடாய், வெயில் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். தோல் மருத்துவ ஆராய்ச்சியிலும் இந்த முறை உண்டு.

1. முதலில் ஒவ்வாமை பாருங்கள். முழங்கையின் உள்மடிப்பில் தினம் இரு வேளை, ஒரு வாரம் தடவுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள்.

2. எந்தக் கன்னம் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். நாமே தேர்ந்தெடுத்தால் கை தானாகவே மோசமான பக்கத்துக்குப் போகும். அந்தப் பக்கம்தான் அதிகம் இறங்கவும் செய்யும்.

3. ஒரு நேரத்தில் ஒரே பொருள். அதுவும் கடைசி வரை ஒரே பாக்கெட். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் சாதா மஞ்சளும் விற்கிறது, பாக்கெட் மாறினால் பொருளே மாறியிருக்கலாம்.

4. மற்றதெல்லாம் இரு பக்கமும் ஒன்றுபோல. பாலில் குழைத்துப் போடுகிறீர்கள் என்றால் மறுபக்கம் வெறும் பால்.

5. வாரம் ஒரு நாள், அதே ஜன்னல் வெளிச்சத்தில், முகம் கழுவிய பிறகு இரு கன்னத்தையும் படம் எடுங்கள். எந்தப் பக்கம் மருந்து என்று தெரியாத ஒருவர் பருக்களை எண்ணட்டும். மஞ்சள் கறை தெரிந்தால் குட்டு உடைந்துவிடும், படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுங்கள்.

6. குறைந்தது 8 வாரம். முடிந்தால் பக்கத்தை மாற்றி இன்னொரு 8 வாரம்.

முடிவை எப்படிப் படிப்பது? தொடக்கத்தில் இடது 14, வலது 15 என்று வைத்துக்கொள்வோம். 8 வாரம் கழித்து மருந்து போட்ட இடது 8, போடாத வலது 9. பரு கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது, வீடே சந்தோஷப்படும். ஆனால் மருந்தின் பங்கு பூஜ்யம். மாறாக இடது 5, வலது 13 என்று வந்து, பக்கம் மாற்றிய பிறகு வலதும் அதேபோல் இறங்கினால், அந்தப் பொருளைக் கவனிக்க வேண்டியதுதான். ஒன்றிரண்டு பரு வித்தியாசம் வெறும் தற்செயல். முறையின் எல்லையும் தெரிந்திருக்கட்டும்: உணவு மாற்றத்தை இப்படிச் சோதிக்க முடியாது, பாதி முகத்துக்கு மட்டும் யாரும் சாப்பிட முடியாதே.

சோதிக்கவே கூடாதவை

எலுமிச்சைச் சாற்றின் பி.ஹெச். 2-க்குப் பக்கம், தோலுடையது 5-க்குப் பக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து, எலுமிச்சை வகைப் பழங்களில் உள்ள ஃபியூரானோகூமரின் என்ற பொருள்கள். அவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமும், மாதக்கணக்கில் போகாத கருமையும் வரலாம். சமையல் சோடா எதிர்ப்பக்கம், பி.ஹெச். 8-க்கு மேல். பற்பசை பல்லுக்குச் செய்தது, தோலை எரிக்கும். டீ ட்ரீ எண்ணெயை நீர்க்காமல் போடக் கூடாது. 5 சதவீதம் என்றால் 10 மில்லி ஜெல்லில் அரை மில்லிதான். குடித்தால் விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

அதேபோல் எல்லோரும் இந்தச் சோதனைக்கு ஆள் இல்லை. தோலுக்கு அடியில் கட்டியாக, தொட்டால் வலிக்கிற பரு வந்தால், அல்லது ஏற்கெனவே குழி விழ ஆரம்பித்திருந்தால், 16 வாரம் கன்னத்தைப் பிரித்து விளையாட நேரமில்லை. பரு போகும், வடு போகாது. அவர்கள் நேராகத் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். பையனோ பொண்ணோ பருவால் வெளியே போகவே கூச்சப்படுகிறார்கள் என்றாலும் அதேதான். "வயசுல வர்றதுதான், தானா போயிடும்" என்று சொல்லி இரண்டு வருடம் கடத்துவதில் யாருக்கும் லாபமில்லை.

லேசான பரு, பொறுமை, ஒரு நோட்டுப் புத்தகம், எண்ணித் தர ஒரு ஆள் இருந்தால் தாராளமாகச் செய்து பாருங்கள். இரு கன்னமும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று முடிவு வந்தாலும் அதுவும் ஒரு முடிவுதான். அடுத்த மாதத்திலிருந்து அந்தச் செலவும் அரைக்கிற வேலையும் மிச்சம்.